எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவே

1958ஆம் ஆண்டு. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்திருந்த ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவருக்கு வடக்கிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு வேலைக்கு. இன்னொன்று டேராடூனில் விமானப்படை அதிகாரித் தேர்வுக்கு. இளைஞரின் மனம் முழுக்க இரண்டாவதில்தான் இருந்தது. விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டேராடூனில் மொத்தம் 25 பேர் தேர்வுக்கு வந்திருந்தார்கள். எடுக்கப்போவது எட்டுப் பேரை. அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

அந்த இளைஞர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். டேராடூனில் அறிவைவிட ஆளுமைக்குத்தான் அதிக முக்கியத்துவம் தரப்பட்டது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் குறிப்பிடுகிறார். உடல் தகுதியும் சரளமான பேச்சும்தான் எதிர்பார்க்கப்பட்டனவோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மனம் உடைந்து ரிஷிகேஷ் போனவர், அங்கே சுவாமி சிவானந்தரைச் சந்தித்தார். சிவானந்தர் பிறந்ததும் நம் பக்கம்தான், திருநெல்வேலிச் சீமையின் பத்தமடை. பிறகு டெல்லிக்குத் திரும்பி, மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொழில்நுட்பப் பிரிவு வேலையில் சேர்ந்தார் கலாம்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள், மண்டபத்துக்கு முன்னால் உச்சிப்புளியைக் கடந்தாக வேண்டும். அங்கே 2009 மார்ச் முதல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்ற கடற்படை விமானத் தளம் இயங்குகிறது. பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் வானிலிருந்து கண்காணிக்கும் இடம் அது. இருமேனியிலும் பிரப்பன்வலசையிலும் புதுமடத்திலும் வளரும் பிள்ளைகளுக்கு டோர்னியர் விமானத்தின் இரைச்சல் பழகிப்போன சத்தம். அந்த விமானங்களில் பறக்கும் அதிகாரிகளும், கலாம் எதிர்கொண்டதைப் போன்ற தேர்வு வாரியத்தைத் தாண்டி வந்தவர்கள்தான்.

வாரியம் அளக்க முயல்வது ஆளுமையை. அதே ஆளுமையைப் பத்து நிமிடத்தில் அளந்து தருவதாக இன்று கைப்பேசி சொல்கிறது. சில பத்துக் கேள்விகளுக்குப் பதிலைத் தட்டினால், 'நீங்கள் இந்த வகை' என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கின்றன. தென்கொரியாவில் காதலிக்கும் முன்பே ஒருவர் மற்றவரின் எழுத்துகளைக் கேட்கும் அளவுக்கு இது பரவிவிட்டது. பி.டி.எஸ். பாடகர்கள் தங்கள் வகையை வெளியிட்ட பிறகு, அவர்களுடைய தமிழ் ரசிகர்களுக்கும் இந்த எழுத்துகள் அறிமுகமாகிவிட்டன. கல்லூரி விடுதியில், வேலைக்கான பயிற்சி வகுப்பில், சில நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் என எங்கும் இந்தப் பேச்சு கேட்கிறது. வாரியத்தின் ஐந்து நாள் தேர்வாக இருந்தாலும் கைப்பேசியின் பத்து நிமிடத் தேர்வாக இருந்தாலும், அவை சொல்வது ஆளுக்கு எவ்வளவு பொருந்துகிறது?

முதலில் ராணுவத்தின் கதையைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் வரை பிரிட்டன் தன் ராணுவ அதிகாரிகளைப் பெரும்பாலும் படித்த பள்ளி, குடும்பப் பின்னணி, சிறிது நேர நேர்காணல் ஆகியவற்றை வைத்தே தேர்ந்தெடுத்தது. போர் முற்றியபோது அப்படி வந்தவர்களில் நிறையப் பேர் பயிற்சியில் தேறவில்லை. 1942இல் உளவியலாளர்களையும் மனநல மருத்துவர்களையும் சேர்த்துப் புதிய தேர்வு வாரியங்கள் அமைக்கப்பட்டன. வில்ஃப்ரட் பயன் என்ற மனநல மருத்துவர் அங்கே ஓர் எளிய உத்தியைக் கொண்டுவந்தார். தலைவர் யார் என்று சொல்லாமலே ஒரு குழுவிடம் ஒரு வேலையைக் கொடுப்பது, யார் என்ன செய்கிறார் என்று ஒதுங்கி நின்று கவனிப்பது. அடுத்த ஆண்டே இந்த முறை டேராடூனுக்கு வந்துவிட்டது. 1943இல் அங்கே தொடங்கிய சோதனை வாரியத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று டெல்லியில் உள்ள பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்றைய தேர்வு ஐந்து நாள் நடக்கிறது. முதல் நாள் வடிகட்டலில் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்குப் படம் காட்டுவார்கள். மங்கலான ஒரு படம் 30 விநாடி திரையில் தெரியும். அதைப் பார்த்து நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். இப்படிப் பதினொரு படங்கள். பன்னிரண்டாவது வெறும் வெள்ளைத் திரை. அதற்கும் கதை வேண்டும். பிறகு 60 சொற்கள், சொல்லுக்கு 15 விநாடி. மனதில் முதலில் எழுவதை வாக்கியமாக்க வேண்டும். அடுத்து அரை மணி நேரத்தில் 60 இக்கட்டான சூழ்நிலைகள், நீ என்ன செய்வாய் என்று. மறுநாள் மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய்களை வைத்துக் குழுவாகத் தடைகளைக் கடப்பது. இடையில் நீண்ட நேர்காணல். அதிகாரிக்கு வேண்டிய 15 குணங்கள் என்று ஒரு பட்டியல் அவர்களிடம் இருக்கிறது.

இதில் மெச்சத் தகுந்த அம்சம் ஒன்று உண்டு. எழுதியதை உளவியலாளர் படிக்கிறார், பேசியதை நேர்காணல் அதிகாரி கேட்கிறார், மைதானத்தில் செய்ததை மூன்றாமவர் பார்க்கிறார். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதே கணக்கு. கடைசி நாளில்தான் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பாமல், வேறு வேறு கண்கள் தனித்தனியே பார்த்ததைப் பொருத்திப் பார்ப்பது ஆளை அறிய நல்ல வழி.

ஆனால் படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வின் அடித்தளம் அத்தனை உறுதியானதல்ல. 1930களில் ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேயும் உருவாக்கிய முறை அது. 2000ஆம் ஆண்டில் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் இதுபோன்ற தேர்வுகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாக அலசினார்கள். இவற்றின் அளவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்களுடைய முடிவு. போதாக்குறைக்குப் பயிற்சி மையங்கள் வேறு. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி, கதாநாயகன் திட்டமிட்டுப் பாடுபட்டு ஊருக்கு நல்லது செய்யும் கதையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். அப்படி எழுதிய கதையில் தெரிவது பயிற்சி ஆசிரியரின் மனம்தானே தவிர மாணவரின் மனம் அல்ல.

கலாம் கதைக்கு வருவோம். அவரையே நிராகரித்த வாரியம் என்ன வாரியம் என்று கேட்கத் தோன்றும். ஏவுகணை விஞ்ஞானியாக உயர்ந்தவரை, நாட்டின் குடியரசுத் தலைவரானவரை வாரியம் தவறவிட்டுவிட்டதே என்று. அது நியாயமான கேள்வி அல்ல. வாரியம் தேடியது விமானப்படை அதிகாரியை, விஞ்ஞானியை அல்ல. அவர் நல்ல விமானியாகியிருப்பாரா என்பதற்கு ஏவுகணைகள் சாட்சி சொல்ல முடியாது. 2006 ஜூனில், 74 வயதில், புனேயிலிருந்து சுகோய் போர் விமானத்தில் அவர் பறந்ததும் சாட்சி ஆகாது. கேட்க வேண்டியது வேறு. எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் எவ்வளவு? அதே 25 பேரை இன்னொரு வாரியம் இன்னொரு வாரம் பார்த்திருந்தால் அதே எட்டுப் பேர் அதே வரிசையில் வந்திருப்பார்களா? மனிதரை அளக்கும் எந்த அளவிலும் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் அது புரட்டிப்போடாது. கோட்டுக்கு அருகில் நிற்பவர்களை மட்டும் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ தள்ளிவிடும். படைக்கு இடம் எட்டுதான். எங்கேயாவது கோடு போட்டே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் புரிகிறது.

கட்டாயமே இல்லாத இடத்தில் கோடு போடுவதுதான் கைப்பேசியில் வரும் வகைத் தேர்வின் கோளாறு.

அந்த நான்கெழுத்துத் தேர்வின் மூலவர்கள் ஒரு தாயும் மகளும். அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ். இருவருமே உளவியல் படித்தவர்கள் அல்லர். தன் குணத்துக்கு முற்றிலும் வேறான மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும், மனிதர்கள் ஏன் இத்தனை விதமாக இருக்கிறார்கள் என்ற யோசனை கேத்தரினைப் பிடித்துக்கொண்டது. கார்ல் யுங் 1921இல் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய நூல் அவருக்கு வேதமானது. மகள் இசபெல் ஒரு துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வென்றவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்ல ஒரு கருவி இருந்தால் நாட்டுக்கு உதவுமே என்ற நல்லெண்ணத்தில் கேள்விகளை எழுதத் தொடங்கினார். உள்முகமா வெளிமுகமா, புலன்வழியா உள்ளுணர்வா, சிந்தனையா உணர்ச்சியா, தீர்மானமா திறந்த போக்கா என்று நான்கு இரட்டைகள். பெருக்கினால் 16 வகை.

ஊரில் உள்ள எல்லோரையும் நிற்க வைத்து, ஐந்தடி நான்கு அங்குலத்தில் கோடு போட்டு, மேலே இருப்பவரெல்லாம் நெட்டை, கீழே இருப்பவரெல்லாம் குட்டை என்றால் எப்படியிருக்கும்? பெரும்பாலானவர்கள் கோட்டை ஒட்டித்தான் நிற்பார்கள். குணமும் அப்படித்தான் பரவிக் கிடக்கிறது. முழுக்க உள்முகமாகவோ முழுக்க வெளிமுகமாகவோ இருப்பவர் குறைவு; நடுவில் இருப்பவர்களே அதிகம். நடுவில் கோடு விழுந்தால், ஒன்றிரண்டு கேள்விக்குப் பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும். ஒவ்வொரு எழுத்தும் நூற்றுக்கு 85 பேருக்கு மாறாமல் நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு எழுத்தும் சேர்ந்து மாறாமல் நிற்பது எத்தனை பேருக்கு? 0.85ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 52 பேருக்குத்தான். இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஐந்தே வாரம் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்குப் போய்விடுகிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இல் எடுத்துக்காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, வேலை வழிகாட்டுதலுக்கு இந்தத் தேர்வைப் பயன்படுத்தும் அளவுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு சொல்லிவிட்டது. ஆளை வேலைக்கு எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்வை விற்பவர்களே சொல்கிறார்கள். நம் ஊர் மனிதவளப் பிரிவுகளுக்கு அந்தச் சேதி இன்னும் எட்ட வேண்டும்.

அப்படியானால், படித்தவுடன் 'அட, என்னை அப்படியே சொல்லிட்டாங்களே' என்று ஏன் தோன்றுகிறது? அதைச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர். 1948இல் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் ஆளுமை அறிக்கையைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. வெளியே துணிச்சலாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சஞ்சலம் உண்டு, சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுக்கம் என்ற பாணியில் எழுதினால் அது யாருக்குத்தான் பொருந்தாது?

பிரான்சில் மிஷெல் கோக்லான் இன்னும் ஒரு படி போனார். இலவச ஜாதகம் என்று விளம்பரம் கொடுத்து, எழுதிக் கேட்ட 150 பேருக்கும் ஒரே பலனை அனுப்பினார். நூற்றுக்கு 94 பேர் அது தங்களுக்குப் பொருந்துவதாகச் சொன்னார்கள். உண்மையில் அது மார்செல் பெத்தியோ என்ற தொடர் கொலைகாரனின் பிறந்த நேரத்துக்குக் கணித்த பலன்.

பொருந்துவதாக நமக்குத் தோன்றுவது வேறு, பொருந்துவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, பெயரை மறைத்துவிட்டுச் சோதிப்பது. 2008இல் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர், பின்னாளில் படுகொலை செய்யப்பட்ட பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் ஆகியோர் அடங்கிய குழு மகாராஷ்டிரத்தில் அதைச் செய்தது. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, சோதிடர் ஒருவருக்கு 40 வீதம் கொடுத்து, எது எது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் பங்கேற்றார்கள். சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் 50 வந்திருக்கும். ராசிபலனை இப்படிச் சோதிக்கலாம் என்றால் ஆளுமைத் தேர்வையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். நான்கெழுத்து அறிக்கை மட்டும் விதிவிலக்கு பெறக் காரணமில்லை.

இப்படிச் சொல்வதால் ஆளுமையை அளக்கவே முடியாது என்று பொருளில்லை. 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைப் பட்டியலிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதைச் சல்லடை போட்டு ஐந்து பெரிய பண்புகளுக்கு இறக்கினார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனச் சஞ்சலம். இந்த முறையில் யாரையும் வகை பிரிப்பதில்லை. ஒவ்வொரு பண்பிலும் எந்த அளவில் நிற்கிறார் என்று மட்டும் சொல்கிறார்கள். பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் ஏறக்குறைய எல்லா வேலையிலும் ஓரளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று 1991இல் பாரிக்கும் மவுண்டும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 'ஓரளவு' என்பதைக் கணக்காகச் சொன்னால், வேலைத் திறனில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் நூற்றில் ஐந்து பங்குதான் இதனால் விளங்குகிறது. ஆயிரம் பேரை எடுக்கும் நிறுவனத்துக்கு அது பயன்படும். ஒரு தனி மனிதரிடம் நீ இதற்கு லாயக்கில்லை என்று சொல்ல அது போதவே போதாது.

கேள்விகளும் பிறந்த இடத்தின் வாசனையோடுதான் வருகின்றன. பொலிவியாவின் சிமானே பழங்குடியினர் 632 பேரிடம் இந்த ஐந்து பண்புகளைத் தேடியது ஓர் ஆய்வுக் குழு. 2013இல் வெளியான முடிவில் ஐந்தைக் காணோம். பிறரோடு ஒட்டி வாழ்வது, உழைப்பு என்ற இரண்டு மட்டும் ஓரளவு தெரிந்தன. விருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்ற கேள்வியை மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அவர் போகும் இடத்தில் எல்லோருமே சொந்தக்காரர்கள். தெரியாதவர் எங்கே இருக்கிறார், பேசுவதற்கு? அலை பார்த்துக் காற்று பார்த்துக் கடலில் இறங்குகிறவருக்குத் துணிச்சலும் உண்டு, கூட வந்தவர் கரையேறும்வரை காத்திருக்கும் பொறுப்பும் உண்டு. அதைக் கேட்கும் கேள்வி அந்தத் தாளில் இல்லை.

பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பதால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் விஷயத்தில்தான் மனம் கொதிக்கிறது. விரல் ரேகையைப் பதிவு செய்து, குழந்தையின் மூளை எந்த வகை, எந்தப் படிப்பு வரும், எது வராது என்று வண்ண அறிக்கை கொடுக்கும் வியாபாரம் பள்ளிகள் வழியாகவே பெற்றோரிடம் வருகிறது. ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி வாழ்நாள் முழுக்க மாறாமல் இருப்பது உண்மை. அதைக் கொண்டு அறிவையோ குணத்தையோ படிக்கலாம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. இந்த வியாபாரம் பயன்படுத்தும் 'பன்முக அறிவு' கோட்பாட்டை உருவாக்கிய ஹோவர்ட் கார்ட்னரும் இதை ஏற்கவில்லை. உனக்குக் கணக்கு வராது என்று அச்சடித்த தாளை எட்டு வயதில் கையில் வாங்கும் குழந்தை, அதை நிரூபிக்கும் விதமாகவே கணக்கை விட்டுவிடக் கூடும். தேர்வு தவறாக இருந்தாலும் விளைவு உண்மையாகிவிடுகிறது. காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். குழந்தையின் நம்பிக்கை போனால் யார் பொறுப்பு?

குணம் கல்லில் செதுக்கியதும் அல்ல. 1964இல் டேவிட் மெக்லெலண்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர், ஆந்திரத்துக் கடற்கரை நகரமான காக்கிநாடாவின் சிறு வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். படம் பார்த்துக் கதை எழுதும் அதே முறையை அவர் ஆளை வடிகட்டப் பயன்படுத்தவில்லை, கற்றுக்கொடுக்கப் பயன்படுத்தினார். சாதிக்கும் ஊக்கம் உள்ளவர் எப்படி யோசிப்பார் என்பதைத் தங்கள் கதைகளிலேயே அவர்கள் தேடிப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்பியவர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாகப் புதிய முயற்சிகளில் இறங்கினார்கள். வயது ஏற ஏறப் பொறுப்புணர்வு கூடுவதும் மனச் சஞ்சலம் தணிவதும் பல நாடுகளில் நடந்த நீண்டகால ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பதினேழு வயதில் எழுதிய விடைத்தாள் முப்பது வயதுக்காரரைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட முடியும்?

பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ ஆளுமைத் தேர்வு என்று காசு கேட்டால், பெற்றோர் தயங்காமல் சில கேள்விகள் கேட்கலாம். ஒரு மாதம் கழித்து இதையே எழுதினால் இதே முடிவு வருமா? இது சொல்வது பலித்ததா என்று, பெயர் தெரியாமல் யாராவது சோதித்திருக்கிறார்களா? தமிழில், நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சரிபார்த்த தேர்வா? பதில் மழுப்பலாக இருந்தால் காசை மிச்சப்படுத்தலாம். ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் ஐந்து வாரம் விட்டு, பழைய விடையைப் பார்க்காமல், மறுபடி எழுதிப் பார்க்கலாம். ராணுவ வாரியத்தின் நல்ல பகுதியைக் கடன் வாங்கவும் தடையில்லை: வீட்டில் ஒருவர், வகுப்பில் ஒருவர், விளையாட்டுத் திடலில் ஒருவர் என மூன்று பேரிடம் தனித்தனியே கேட்பது.

உச்சிப்புளியில் பிளஸ் டூ முடிக்கும் ஒரு பிள்ளைக்குக் கடல் உயிரியல் படிக்கலாமா என்ற யோசனை இருந்தால், கொஞ்ச தூரத்தில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. மீன் காட்சிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, அங்கே வேலை செய்பவர்களிடம் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு வரலாம். படையில் சேர வேண்டும் என்றால் வாரியத்துக்குப் போகலாம். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வயது வரம்புக்குள் மறுபடி விண்ணப்பிக்க அங்கே வழி உண்டு. இரண்டாம், மூன்றாம் முறை போய்த் தேறியவர்கள் இன்று சீருடையில் இருக்கிறார்கள்.